ஆள் கணக்கு

மனுவை எழுதியது நான்தான்.
கீழ்ப்பிரிவில் முத்துமுத்தான கையெழுத்து என்னுடையது என்பார்கள்,
பிள்ளைக் காம்பராவில் பால்மாக் கணக்கு எழுதிப் பழகிய கை.

அங்கமுத்து இரவில் நடக்கிறான்.
பெரட்டுக்களத்திலிருந்து பீலி வரை,
பீலியிலிருந்து கடைசி லயம் வரை.
ஒவ்வொரு கதவிலும் சாக்கட்டியால் ஓர் எண்,
உள்ளே எத்தனை பேர் படுத்திருக்கிறோம் என்று.
ஒரு தடவையும் பிசகியதில்லை.
என் புருசன் கொழும்புக்கு பஸ் ஏறிய மறுநாள் விடியலில்
நாலு மூன்றாகியிருந்தது.

சொல்லுங்கள்,
நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்?
என் மகள் நிரோசினிக்குப் பதினோரு வயது.
அன்றிலிருந்து இருட்டினால் வெளியே போக மாட்டாள்.
அடுப்படி மூலையில் வாளி வைத்தேன்.

முப்பத்தேழு பேர் ஒப்பம், அதில் ஒன்பது கைநாட்டு.
செய்த குற்றம் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.
தொட்டானா? இல்லை.
திருடினானா? ஒரு சிரட்டைகூட இல்லை.
கவ்வாத்துக் கத்தி வைத்திருக்கிறான்,
அது இங்கே யாரிடம்தான் இல்லை.
எண்ணுகிறான் என்று எழுதினேன்.
வாசித்துப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.
அடித்துவிட்டு
சந்தேகத்துக்குரிய நடமாட்டம் என்று எழுதினேன்.
அந்தச் சொல் என் கைக்கு எப்படி வந்தது என்று
அப்போது யோசிக்கவில்லை.

பொலிஸில் சார்ஜன்ட் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே சொன்னார்:
எண்ணியதற்கு உள்ளே போட முடியாது.
தலைவர் சிரித்தார்:
வேறொன்று கிடைத்தால்?

மறுநாள் கிடைத்தது.
அவன் கூரைத் தகரத்துக்கடியில் கசிப்புப் போத்தல் ஒன்று.
அதன் வாயில் சுற்றியிருந்த நீலச் சீலைத்துண்டு
யார் வீட்டுக் கொடியில் காய்ந்தது என்று எனக்குத் தெரியும்.
லயத்தில் எல்லாருக்கும் தெரியும்.
நீதவான் பதினான்கு நாள் விளக்கமறியல் என்றார்.
ஜீப்பில் ஏறும்போதும் எண்ணினான்,
எங்களை, விரலை நீட்டி,
யாரையும் விடாமல்.

அந்தப் பதினான்கு இரவும்
தாழ்ப்பாள் போட்டுத்தான் படுத்தோம்.
நாய் குரைத்தால் எழுந்து உட்கார்ந்தோம்.

ஐந்தாம் இரவோ ஆறாம் இரவோ
அந்தச் சொல் வந்த வழி ஞாபகம் வந்தது.
அவசரகாலச் சட்டம் இருந்த காலம்.
அண்ணன் ஹட்டன் பஸ் நிலையத்தில்
அடையாள அட்டை இல்லாமல் நின்றிருந்தான்.
அவன் பார்த்த பார்வை சரியில்லையாம்.
சிங்களத்தில் வந்த கடிதத்தைக் கடை முதலாளி வாசித்துச் சொன்னார்:
சந்தேகத்தின் பேரில்.
பத்தொன்பது மாதம்.
திரும்பி வந்தவன்
கதவுக்கு முதுகு காட்டி ஒருநாளும் உட்காரவில்லை.
அம்மா எந்த மேசைக்கு முன்னால் நின்றாலும் ஒரே கேள்விதான்:
என் புள்ள என்னங்க ஐயா செஞ்சான்?
எழுதியவனுக்கும் வீட்டில்
பயந்துகொண்டு ஒரு மகள் இருந்தாளோ என்னவோ.

அங்கமுத்து நல்லவன் என்று சொல்ல வரவில்லை.
எனக்குத் தெரியாது.
அவன் தலைக்குள் எந்த மண்மேடு சரிந்தது என்றும் தெரியாது.
நாளைக்கே ஏதாவது நடந்துவிட்டால்
இந்த வரிகளை முதலில் கிழிப்பவள் நானாக இருக்கலாம்.
நடக்கும் வரை பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கிறீர்களா
என்று கேட்கிறாள் மகளைப் பெற்றவள்.
நடக்காததற்கு எத்தனை நாள் சிறை
என்று கேட்கிறாள் அண்ணனுக்குத் தங்கை.
இருவருக்கும் ஒரே பாய்.

இடையில் புருசன் லீவில் வந்து சேர்ந்தார்.
கதவில் மூன்று என்றே கிடந்தது.
ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன்,
பலகை வெடிப்பில் ஏறிய வெள்ளை போகவில்லை.
போகவர அது கண்ணில் உறுத்தியது,
கூட்டல் பிழை மாதிரி.
ஒருதரம் பிள்ளைக் காம்பராச் சாக்கட்டியைக் கையில் எடுத்தேன்.
எழுதவில்லை.

பதினைந்தாம் நாள் பின்னேரம்
மூடுபனிக்குள் மேடேறி வந்தான்.
தலையை மழித்திருந்தார்கள்.
யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை.
நாய் மட்டும் வாலாட்டியது.

விடிந்து பார்க்கிறேன்,
கதவில் நாலு.

போத்தலைப் பற்றி இன்னும் நான் வாய் திறக்கவில்லை.
தாழ்ப்பாளை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான்
படுக்கிறேன்.